பாலர் வகுப்பில் ஒரு நீர்ப்படம்

தீர்த்தமலை என்றதும் பாறையிலிருந்து வீழும் இராம தீர்த்தமே யாவருக்கும் நினைவில் எழும். ஆனால், அடிவாரத்து வீடுகளில் அன்றாடம் பருகும் நீர் எங்கிருந்து வருகிறது? இவ்வினாவை இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடமே கேட்கலாம் என்பது நம் கருத்து.

எட்டு வயதுக்குள் எண்ணறிவு கைவர வேண்டும் என்பதே 2022இல் நம் மாநிலத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் நோக்கம். அதற்கு வரைபடம் நல்ல துணை. வகுப்பறைத் தரையில் சாக்கட்டியால் கட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வரிசையின் அடியிலும் தெருக்குழாய், அடிபம்பு, கிணறு ஆகியவற்றின் படங்களை வைக்க வேண்டும். தன் வீட்டில் காலையில் குடித்த நீருக்குரிய வரிசையில் குழந்தை ஒரு புளியங்கொட்டையை வைக்கும்; கட்டத்துக்கு ஒன்றுதான். (இப்பக்கத்தில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை!) எந்த வரிசை நீளம்? எத்தனை கூடுதல்? குழந்தைகளே எண்ணிச் சொல்லட்டும். மறுநாள் அதையே தாளில் கட்டங்களுக்கு வண்ணம் தீட்டிப் பதிக்கலாம்.

கட்டங்கள் யாவும் ஒரே அளவாக இருத்தல் இன்றியமையாதது. இடைவெளி விட்டு வைத்த ஐந்து கொட்டைகள், நெருக்கி வைத்த ஏழைவிட நீண்டு தோன்றும். ஆசிரியர் ஒருமுறை வேண்டுமென்றே அவ்வாறு வைத்துக் காட்டினால், பிழையைக் குழந்தைகளே கண்டுகொள்வர். பிளேபேர் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் 1786இல் தம் நாட்டு வாணிகக் கணக்கைப் பட்டைகளாக வரைந்து வெளியிட்டார். அளவு தவறினால் அவர் படமும் பொய்யே சொல்லியிருக்கும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் என்ன வேலை எனலாம். தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வேறு நீர் இல்லாவிடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் பருவம் ஏறக்குறைய எட்டு வயது வரை. அப்போது மிகுதியாக உட்சென்ற புளோரைடு நிலையான கறையாகிவிடும். காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. இதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆகவே அடிபம்பு வரிசை நீண்டிருந்தால், அந்நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கச் செய்வது பஞ்சாயத்தின் கடமை. குழாய் வரிசை நீண்டிருந்தாலும் வாளாவிருத்தல் ஆகாது. அதில் வருவது காவிரி நீரா, ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரா என்பதைக் குழந்தை அறியாது. மேல்நிலைத் தொட்டியை இயக்குபவரைத்தான் கேட்க வேண்டும்.

எவர் வீட்டில் குழாய் இல்லை என்று பெயர் சொல்லி வகுப்பில் கேட்கலாகாது. கொட்டைக்குப் பெயரில்லை. கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் வரைந்த இரு தாள்களைப் பள்ளி மேலாண்மைக் குழு கிராம சபைக்குக் கொணர்ந்தால், அவற்றைச் சுவரில் ஒட்ட ஓரிடம் ஒதுக்குவோமாக.