ஒரு நாளில் ஒரு கோட்டை நகரம்

பிரான்சில் மகள் வீட்டுக்குப் போகிறோம். கார்க்கசோன் கோட்டை நகரைப் பார்க்க ஒரு நாள் போதுமா? எனக்கு முழங்கால் வலி வேறு!
– வாசகி, திருச்சி

தாராளமாகப் போதும். துலூஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். நகருக்குள் நுழையக் கட்டணம் கிடையாது; உள்ளேயுள்ள பிரபுவின் கோட்டைக்குத்தான் டிக்கெட். அங்கே படிகள் அதிகம், அதை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் இரட்டை மதில்களுக்கு நடுவே உள்ள வெளியில் நிதானமாக நடங்கள். உள்மதிலின் சில கோபுரங்களில் ரோமானியர் காலத்துச் செங்கல் வரிசை இன்னும் தெரிகிறது. வெளிமதில் 13ஆம் நூற்றாண்டு. கூம்புக் கூரைகளை மட்டும் ‘ஆதிகாலத்தவை’ என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்! இடிந்துகிடந்த நகரை 1853 முதல் புதுப்பித்த வியோலே-லெ-துக்கின் கைவண்ணம் அவை. எனக்கென்னவோ அழகாகத்தான் படுகிறது.

செங்நசேர் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைத் தவறவிடாதீர்கள். கல் பாவிய தெருக்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கோடையென்றால் காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்குமேல் தேர்த்திருவிழாக் கூட்டம்.