விளையாட்டும் ஒரு கல்வியே

“விளையாட்டைக் கற்கவா பல்கலைக்கழகம்?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அணுசக்தி நகரில் வாழும் நான் அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கென்யத் தலைநகர் நைரோபியில் மதாரே என்னும் பகுதி, நம் தாராவியைப் போலவே குடிசைகள் நெருங்கியது. அங்கே 1987இல் தோன்றிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், வட்டாரக் குப்பையை அகற்றும் கால்பந்துக் குழுவுக்குப் போட்டிப் புள்ளிகள் வழங்கியது. ஆட்டத்தோடு சேர்ந்த அவ்விதியே தெருவைத் துப்புரவாக்கியது.

அத்தகைய விதி வகுக்க உடலியல் மட்டும் போதாது, சமூகவியலும் வேண்டும். இக்கல்வி நமக்குப் புதிதுமன்று. ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இலேயே நிறுவி, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

நண்பர்களே! தாராவிக்குப் பந்தோடு மட்டும் போகாமல், முதலில் அம்மக்களின் தேவையைக் கேட்டறிவோம். பிறகு ஆட்டத்தை அமைப்போம்.