கைகுலுக்கல் உணர்த்தும் பொருள்

வலக்கையை நீட்டுதல், 'என் கையில் ஆயுதம் இல்லை' எனக் காட்டுதற்கே தோன்றியது என்பர். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசிரிய மன்னர் மூன்றாம் சால்மனேசரும் பாபிலோனிய மன்னரும் கைபற்றி நிற்கும் காட்சி நிம்ரூத் நகர அரியணை மேடையில் செதுக்கப்பெற்றது. அது நட்புறவின் அடையாளம். பண்டைய ஏதென்சு நகரத்தாரோ, இறந்தவரும் உறவினரும் கைபற்றி நிற்பதைக் கல்லறைக் கற்களில் வடித்தனர். அது பிரியாத அன்பின் அடையாளம்.

1987ஆம் ஆண்டு, இலண்டன் மருத்துவமனை ஒன்றில், இளவரசி டயானா கையுறையின்றி எய்ட்சு நோயாளியின் கையைக் குலுக்கினார். தொட்டாலே அந்நோய் பற்றும் எனப் பலர் அஞ்சிய காலம் அது. அச்சம் வீண் என்பதை உலகம் கண்ணாரக் கண்டது.

ஆகவே, கைகுலுக்கலின் உட்பொருள் யாது? 'நீ என்னை அஞ்ச வேண்டா. நானும் உன்னை அஞ்சேன்' என்பதே. நாம் எவரைத் தொடத் தயங்குகிறோம் என்பதை நம் பிள்ளைகள் கவனித்தே வருகின்றனர்.