நத்தை ஓட்டின் நிறமும் வரியும்

பெரியபாளையத்தைச் சூழ்ந்த ஆரணியாற்றுப் பக்கத்தில் பூஞ்செடியும் காய்கறியும் பயிரிடும் குடியானவர்கள் மழைக்காலத்து நத்தையை நன்கறிவர். ஒன்றின் ஓடு கருங்கபில வரிகளுடனும், மற்றொன்றின் ஓடு வெளிறியும் இருக்கக் காணின், இவை வெவ்வேறு ஜாதி என்றும், ஒன்றே பயிருக்குக் கெடுதி என்றும் எண்ண இடமுண்டு. இவ்வெண்ணம் நஷ்டத்திற்கு ஏதுவாகும்.

ஒரே ஜாதிக்குள் காணும் வேற்றுமை இருவகைப்படும். பெற்றோரிடமிருந்து வருவது ஒன்று; இடம், உணவு, வயது இவற்றால் உண்டாவது மற்றொன்று. நெல்லில், எரு மிகுதியால் செழித்த கதிரின் விதை மறுபோகத்தில் அவ்வாறே செழிக்கும் என்பதில்லை; ஆனால் அடியுறையின் ஊதா நிறமோ சந்ததியிலும் தோன்றும். 1912-ல் கோயமுத்தூரில் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பார்னெல் முதலியோர் இத்தகைய குணங்களின் பாரம்பரியத்தை ஆராய்ந்து, 1917 முதல் வெளியிட்டனர்.

நத்தையிலும் இவ்விதியே செல்லும். ஐரோப்பாவில் சீபேயா என்னும் தோட்டத்து நத்தை மஞ்சள், ரோஜா, கபில நிற ஓடுகளுடன், கோடுள்ளதாகவும் கோடற்றதாகவும் காணப்படும். கலப்பற்ற கோடில்லா வகையைக் கோடுள்ளதோடு சேர்த்தால், முதல் தலைமுறை முழுவதும் கோடற்றிருக்கும். அவற்றைத் தமக்குள் சேர்க்க, அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கோடு மீண்டும் தோன்றும். கோட்டுக்குரிய ஜீன் அழியவில்லை, மறைந்தே இருந்தது. நிறத்தில் கபிலம் ரோஜாவையும், ரோஜா மஞ்சளையும் மேற்கொள்ளும்.

கெய்ன், ஷெப்பர்டு என்னும் இருவர் 1950-லும் 1954-லும் இங்கிலாந்தில் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது. சருகு மூடிய காட்டில் கபிலமும் ரோஜாவும், கோடற்றவையும் மிகுதி. புல்வெளியிலும் வேலியோரத்திலும் மஞ்சளும் கோடுள்ளவையும் மிகுதி. அங்குள்ள பாடும் பறவையொன்று நத்தையைக் கல்லில் மோதி உடைத்துத் தின்னும். கண்ணுக்குப் புலப்படுவது முதலில் இரையாக, தரையோடு ஒத்த நிறமுடையது பிழைத்துச் சந்ததியைப் பெருக்குகிறது.

நமது தமிழ்நாட்டில் பல ஜில்லாக்களில் பரவியுள்ள ஆப்பிரிக்க நத்தை, 1847-ல் பென்சன் என்பவரால் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் கூம்பு வடிவ ஓட்டில் கபில வரிகள் உண்டு. வயதேறி மேல்தோல் தேய்ந்தபின் அதே ஓடு வெளிறிவிடும். ஆகவே நிறத்தைக் கொண்டு ஜாதியை நிச்சயித்தல் கூடாது. ஓட்டின் வடிவத்தையே முதலில் நோக்குக. நம் நாட்டு நத்தையாகிய கிரிப்டோசோனாவின் ஓடு கூம்பாக நீளாது, தட்டையாகப் பருத்திருக்கும்; அதுவும் பயிரைத் தின்பதே.

இனிச் செய்யவேண்டியவை. பளிச்சென்று தெரிவதை மட்டும் பொறுக்குவோர் மேற்கூறிய பறவையின் வேலையையே செய்கின்றனர். மறைந்திருப்பவை விதைக்கு நின்றுவிடும். ஒவ்வொரு நத்தையிலும் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால், எதுவும் முட்டையிடத் தக்கதே. ஆப்பிரிக்க நத்தை ஒரு தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளையும் இடும். ஆதலின் மாலையில் ஈரச் சாக்குகளைப் பரப்பிப் பப்பாளி இலையை அடியிலிட்டு, விடியுமுன் கூடுவனவற்றை நிறம் பாராது திரட்டி, தொட்டியில் உப்பு நீரிலிட்டுக் கொல்லுக. உப்பை நிலத்தில் தூவற்க. நத்தைகளில் மனிதரைத் தாக்கும் புழு இருக்கக்கூடுமாதலால் கையுறையின்றித் தொடலாகாது. வரப்படியிலுள்ள மிளகளவான வெண்முட்டைகளையும் தோண்டி அழிக்க.

ஒரு கொல்லையில் மட்டும் செய்தால் அடுத்த கொல்லையிலிருந்து மீண்டும் வரும். கிராம அதிகாரிகள் யாவரையும் ஒரே நாளில் இவ்வேலையில் ஈடுபடுத்துவாராக.