அச்சேறாத குரல்கள்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்த் திரட்டிய அச்சுச் செல்வம், அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் விளங்குகிறது. வாய்மொழி வழக்காறுகளோ தாளில் தங்குவன அல்ல. நா. வானமாமலை 1964இல் வெளியிட்ட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ சொற்களைக் காத்தது. மெட்டையும் விம்மலையும் காக்க அச்சால் இயலுமோ?

நகரத்தார் இல்லத் தாலாட்டும், நம் பெண்டிர் ஓதிவந்த முனாஜாத்தும் பாடுவோரோடு மறையுமுன் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். பாட்டியாரின் இசைவு, ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பவற்றை முதலிலேயே பதிவோம். வட்டார ஒலிப்பைத் திருத்தலாகாது (தமிழாசிரியர்க்கு அவ்வாசை சற்று மிகுதி!). படியொன்று குடும்பத்தார்க்கும் உரியது. சாவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுதல் ஆகாதெனப் பலர் மறுப்பர். அவர்களை வற்புறுத்தாது, தாலாட்டிலிருந்து தொடங்குவோம்.