சொல்லைப் பிரித்துப் பார்!

தம்பி, தங்கைகளே! எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கீங்களா? பெரிய பெரிய சொற்களைப் பார்த்துப் பயந்துடாதீங்க. நான் பொறியியல் மாணவன். இயந்திரம் புரியணும்னா கழற்றிப் பார்க்கணும். சொல்லும் அப்படித்தான்.

தமிழ் வகுப்பில் பகுதி, விகுதி என்று பிரித்தோமே, அதே வேலைதான். லத்தீனில் ‘பெனெ’ என்றால் நன்றாக. ‘மலெ’ என்றால் தீதாக. ‘வொலோ’ என்றால் விரும்புகிறேன். அதனால் ‘பெனெவலன்ட்’ நன்மையை விரும்புபவர், ‘மலெவலன்ட்’ தீமையை விரும்புபவர். நமக்குத் தெரிந்த ‘வாலண்டியர்’ கூட இதே குடும்பம்தான்: சொந்த விருப்பத்தோடு வருபவர். ஒரு மூலத்தைப் பிடித்தால் மூன்று சொல் கைக்கு வரும்.

ஆனா, பிரித்தால் மட்டும் போதாது. காலத்தையும் பார்க்கணும். பழந்தமிழில் ‘நாற்றம்’ நறுமணத்தைக் குறித்தது. இன்று மூக்கைப் பொத்துகிறோம். ஆங்கிலத்திலும் பழைய சொற்கள் இப்படி ஏமாற்றும். ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ஜூலியட் சொல்லும் ‘வேர்ஃபோர்’ என்பதற்குப் பலர் ‘எங்கே’ என்று பொருள் சொல்வாங்க. சரியான பொருள் ‘ஏன்’. அவள் காதலனைத் தேடவில்லை. பகைக் குடும்பத்தின் பெயர் அவனுக்கு ஏன் வாய்த்தது என்று வருந்துகிறாள். இந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் நாடகத்தின் துயரமே கைநழுவிப் போகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்க. சொல், அதன் பிரிவு, அது வந்த வரி. நாளுக்கு மூன்று போதும்.