தனித்து நிற்கும் எண்

நாஞ்சில் நாட்டில், நாகர்கோயிலுக்கு அணித்தாக அமைந்துள்ள தோவாளை, மலர்வளத்தால் புகழ் பெற்ற ஊராகும். அங்கு மாலை தொடுப்போர், ஒரு மலரை மற்றொரு மலர் தழுவி நிற்குமாறு தொடுப்பர். எண்களும் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடுத்த மாலை போன்றவையே. அவ்வெண்மாலையில் மறைந்து கிடந்த ஓர் இயல்பை உலகிற்கு உணர்த்தியவர், நாகர்கோயில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சிவசங்கரநாராயண பிள்ளை ஆவார்.

அவர் 1901ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். எனினும் கல்வியைக் கைவிட்டாரில்லை. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கினார்.

8, 9, 10 என்னும் அடுத்தடுத்த எண்களை நோக்குக. 8, 10 ஆகிய இரண்டையும் 2 வகுக்கும். ஆனால் 9க்கும் மற்றவற்றிற்கும், 1 நீங்கலாக, பொதுக் காரணி இல்லை. அது தனித்து நிற்கிறது. தொகுதியில் உள்ள எண்கள் பதினாறுக்கு மேற்படாவிடில், அதனை எங்கிருந்து தொடங்கினாலும் இவ்வாறு தனித்து நிற்கும் எண் ஒன்றேனும் இருக்கும் என்பதைப் பிள்ளை 1940ஆம் ஆண்டில் நிறுவினார்.

பதினேழு எண்களாயின் என்ன ஆகும்? 1இல் தொடங்கினால் அத்தகைய எண் உண்டு. 2இல் தொடங்கினாலும் உண்டு. இவ்வாறு 2,183 வரை எந்த எண்ணில் தொடங்கினாலும் உண்டு. ஆனால் 2,184இல் தொடங்கி 2,200இல் முடியும் தொகுதியில் அத்தகைய எண் ஒன்றுகூட இல்லை!

இதன் காரணம் எளிதே. இரண்டு எண்களின் பொதுக் காரணி அவற்றின் வேறுபாட்டையும் வகுக்கும். இங்கு வேறுபாடு 16க்கு மேற்படாது. ஆகவே 2, 3, 5, 7, 11, 13 என்னும் பகா எண்களை மட்டும் ஆராய்ந்தால் போதும். இரட்டை எண்கள் அனைத்தையும் 2 பிணைக்கிறது. எஞ்சிய ஒற்றை எண்கள் எட்டு. அவற்றுள் 2,187, 2,193, 2,199 ஆகியவற்றை 3 பிணைக்கிறது; 2,185, 2,195 ஆகியவற்றை 5 பிணைக்கிறது. 2,191 என்பது 7ஆலும், 2,197 என்பது 13ஆலும் முதல் எண்ணாகிய 2,184உடன் பிணைந்துள்ளன. 2,189 என்பது 11ஆல் இறுதி எண்ணாகிய 2,200உடன் பிணைந்துள்ளது. இந்த ஆறு பகா எண்களின் பெருக்கற்பலன் 30,030. அதனை 2,184உடன் கூட்டிப் பெறும் 32,214இலிருந்து தொடங்கினாலும் இதே நிலை தோன்றும்.

பதினேழிற்கு மேற்பட்ட நீளம் எதுவாயினும் இத்தகைய தொகுதி உண்டு என்பதை 1941ஆம் ஆண்டில் ஆல்பிரட் பிரவர் என்னும் அறிஞர் நிறுவினார்.

1950ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டிற்குப் பிள்ளை வானூர்தியில் புறப்பட்டார். ஆகஸ்டு 31ஆம் நாள் கெய்ரோ நகருக்கு அருகில் அது விபத்துக்குள்ளாக, அவர் உயிர் நீத்தார். அவர் நிறுவிய உண்மையோ அழியாது நிற்கிறது.

2,183 முறை மெய்யாகத் தோன்றியது, அடுத்த முறையே பொய்த்தது. பல முறை கண்டதனாலேயே ஒன்றை என்றும் மெய் எனக் கொள்ளலாகாது. காரணங்காட்டி நிறுவிய பின்னரே ஏற்றல் வேண்டும். இதுவே 2,184 என்னும் எண் கற்பிக்கும் பாடமாகும்.